அம்மா கேட்டு வாங்கிய மாத்திரை

எனக்கு ஒன்பது வயதானபோது வேலூரில் அம்மாவுக்குப் பெரிய ஆபரேஷன் நடந்தது. வயிற்றில் கட்டி. கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அம்மாவுக்கு வயது முப்பத்திரண்டு.

தையல் ஆறி ஆம்பூருக்குத் திரும்பிய பிறகுதான் வேறு தொல்லை ஆரம்பித்தது. மார்கழிக் குளிரில் தோசை வார்த்துக்கொண்டிருப்பவள் திடீரென்று முகம் சிவந்து, ரவிக்கை நனைய வியர்த்து, வாசலுக்கு ஓடுவாள். காரணமில்லாமல் அழுவாள். எங்களோடு இருந்த அத்தை, அப்பாவுக்கு மூத்தவள், முடிவே கட்டிவிட்டாள்.

"ஆஸ்பத்திரில இன்னாவோ புடிச்சிக்கிச்சி. வெள்ளிக்கெழம மந்திரிக்கலாம்."

தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரியாக இருந்த அப்பா அக்கா சொல்லைத் தட்டியதில்லை. சரியென்றார்.

அம்மா வியாழக்கிழமை காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு ரயிலேறிவிட்டாள். காட்பாடியில் இறங்கி பஸ் பிடித்து, ஆபரேஷன் செய்த டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"எனக்கு இன்னா ஆச்சின்னு வெளங்குற மாதிரி சொல்லுங்கம்மா. தெரிஞ்சிக்காம போவமாட்டேன்."

டாக்டரம்மா ஒரு சீட்டில் படம் வரைந்தார்.

"சினைப்பையில ஒரு சத்து ஊறும்மா. அது ரத்தத்துல கலந்து ஒடம்புச் சூட்டை நிதானமா வச்சிருக்கும். மத்தவங்களுக்கு அம்பது வயசு வாக்குல மெல்ல கம்மியாகும். உங்களுக்கு ஒரே நாள்ல நின்னுபோச்சு, அதான் ஒடம்பு தடுமாறுது. அந்தச் சத்தையே மாத்திரையா தர்றேன், தினம் ஒண்ணு."

மறுநாள் மந்திரிக்க வந்தவரை அம்மாவே மரியாதையாகத் திருப்பி அனுப்பினாள். பிறகு அந்தச் சீட்டை அத்தை முன்னால் விரித்து, சினைப்பை எது, சத்து எங்கே ஊறுகிறது என்று விரல் வைத்துக் காட்டினாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், ஒரு சொல் விடாமல் சொன்னாள். எனக்குப் பெருமை தாளவில்லை. அன்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் எங்கம்மாவுக்கு டாக்டர் வேலை தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

மூன்று வாரத்தில் வியர்வை அடங்கியது. அழுகையும் நின்றது.

ஒரு மத்தியானம் அத்தை அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வெகுநேரம் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, அந்த மாத்திரைய எனக்கும் குடுப்பாங்களா?"

அம்மா அவளையே பார்த்தாள். "வர்ற வியாழக்கெழம போலாம் அண்ணி" என்றாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. பேய் பிடித்தது என்று சொன்னவளுக்கு எங்கம்மா மருந்தில் எதற்குப் பங்கு? அத்தைக்கு அப்போது ஐம்பது இருக்கும். கொட்டும் பனியிலும் போர்வை இல்லாமல் முற்றத்தில்தான் படுப்பாள். வைரம் பாய்ந்த உடம்பு என்று தெருவே சொல்லும். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.