ஏழரைக்கு முந்தி

சென்னியம்மாளின் முதுகில் கரண்டியைக் காய்ச்சிச் சுட்ட தழும்பு இருந்தது. தம்மம்பட்டியில் கட்டிக்கொடுத்த புருசன் வைத்த சூடு. மல்லசமுத்திரத்துக்கு ஓடிவந்தவளிடம் அப்பா சின்னண்ணன் சொன்னது இவ்வளவுதான்: "வேல இருக்கற வரைக்கும் இங்க இரு சாமி. வேல போச்சுன்னா உம்புருசனூட்டுக்கே போயிரோணும்." பெற்றவர் பேசுகிற பேச்சா இது!

1988-ல் நூல் மில்லில் யூனிக்ஸ் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. டைப் தெரிந்தவள் என்று அவளை அதன் முன்னால் உட்காரவைத்தார்கள். ஆறே மாதத்தில் அதைக் கரைத்துக் குடித்துவிட்டாள். சுவிட்சைப் போட்டதும் மிஷின் ஒரு ஃபைலை வரிவரியாகப் படிக்கும். அதில் எழுதியிருக்கிற வேலைகளை முடித்த பிறகுதான் நம்மை உள்ளே விடும். முதல் வேலை, அந்த ஃபைலும் மில் கணக்கும் பதிந்திருக்கிற டிஸ்க்கைச் சோதிப்பது. முந்தின நாள் கரண்ட் திடுமென்று போயிருந்தால் சோதனை முக்கால் மணி நேரம் இழுக்கும். நம்மூர்க் கரண்டைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா!

முதலாளி ராசப்பனுக்கோ ராகு காலம் என்றால் குலை நடுக்கம். திங்கட்கிழமை ஏழரைக்குள் மிஷின் ஓடியாக வேண்டும். ஒரு திங்கள் ஏழரை தாண்டியும் சோதனை முடியவில்லை. ஆபீசே பார்க்க, கையிலிருந்த காப்பியை டம்ளரோடு அவள்மேல் வீசினார்.

"வாழாவெட்டியக் கொண்டாந்து உக்கார வெச்சா இப்படித்தான். அந்தச் சோதன எழவெல்லாம் வேண்டாம், நிறுத்து."

"நிறுத்துனா டிஸ்க்கே கெட்டுருமுங்க."

"நிறுத்தறயா, எந்திரிச்சுப் போறயா?"

போவதென்றால் தம்மம்பட்டிக்குத்தான். ஃபைலில் சோதனைக்கான வரியின் தலையில் ஒரு குறி போட்டாள். இனி மிஷின் அதைப் படிக்காமல் தாண்டிவிடும். பக்கத்திலேயே 'முதலாளி உத்தரவு' என்று இங்கிலீஷில் தட்டித் தேதியும் போட்டாள். புத்திசாலிதான், பாவம்.

சோதனையே இல்லாமல் எட்டு மாதம் ஓடிய டிஸ்க், ஆடி மாதம் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. முந்நூறு ஆட்களின் வருகைப் பதிவில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சென்னையிலிருந்து வந்த எஞ்சினியர், "செக் பண்றதை யார் நிறுத்தினது?" என்று கேட்டார். எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

"மொதலாளிதானுங்க நிறுத்தச் சொன்னாரு. வேலுமணியண்ணனும் பக்கத்துல நின்னாருங்க."

டைம் கீப்பர் வேலுமணி, அன்றைக்குக் காப்பியைத் துடைக்கத் துண்டு கொடுத்தவன், தரையைப் பார்த்தான். "எனக்கு நெனப்பில்லீங்க." சோறு தின்கிற வாயா அது!

"வேற என்ன சாட்சி வெச்சிருக்கறே?" என்றார் ராசப்பன்.

"அந்த வரிக்குப் பக்கத்துலயே எழுதியிருக்கறனுங்க. தேதியோட."

"எங்க?"

அவள் டிஸ்க்கைக் காட்டினாள். ராசப்பன் சிரித்துவிட்டார். "அப்ப அதையே கேளு. படிச்சுச் சொல்லுச்சுன்னா வேலையில இரு."

அவள் நிஜமாகவே சுவிட்சைப் போட்டாள். திரையில் ஓர் எழுத்தும் வரவில்லை. அணைத்துவிட்டு மறுபடியும் போட்டாள். ஆபீசே விழுந்து விழுந்து சிரித்தது.

அடுத்த திங்கட்கிழமை விடிந்ததும் சின்னண்ணன் மகளின் பெட்டியை வாசலில் கொண்டுவந்து வைத்தார்.

"அப்பா, அவன் என்னயக் கொன்னே போடுவானுங்க." அவள் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

அவர் காலை விடுவித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ஏழாச்சு சாமி. அழுகறத பஸ்சுல அழுதுக்கலாம். ராகு காலத்துக்கு முந்திக் கெளம்பீரு."