தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு

கிரீஸ் நாட்டில் ஒரு தீவு. அங்கே கடலைப் பார்த்த மாதிரி ஒரு வெள்ளை வில்லாவை அப்பா, அம்மா, நான் என்று எங்கள் மூன்று பேருக்காகத்தான் பிடித்தேன். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது அலுவலகத்தில் எனக்கு லீவு இல்லை என்றுவிட்டார்கள். அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மனுஷர், ஸ்டென்ட் வைத்தபிறகு பக்கத்திலிருக்கும் மாமல்லபுரத்துக்குக்கூட வர மறுத்தார். இப்போது விட்டால் இனி எங்கேயும் போகமாட்டார் என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்று இருவரையும் அனுப்பினேன்.

"கடலப் பாக்க இம்மாந்தூரமா? நம்மூர்ல இல்லாத கடலா?" என்று கேட்டுக்கொண்டேதான் அம்மா புளிக்காய்ச்சலை டப்பாவில் அடைத்தாள்.

நான் பட்டியல் போடுகிற ஆள். அடுப்பை எப்படிப் பற்றவைப்பது, பழைய கோட்டைக்கு எந்த பஸ், நீலக் கூரைத் தேவாலயத்துக்கு எத்தனை படி, அப்பா எந்தெந்தப் படியில் உட்கார வேண்டும் என்று நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கதவைப் பற்றி ஒரு வரி இல்லை. எங்கள் வீட்டில் காலையில் திறந்த கதவைப் படுக்கப் போகும்போதுதான் சாத்துவோம். அதையெல்லாம் எழுதவேண்டும் என்று தோன்றவேயில்லை.

அப்பா மாத்திரை போட்டதும் அம்மா தினமும் போன் செய்வாள். நம்முடைய கணக்குக்குக் காலை ஒன்பது மணி, அங்கே ஆறரை. மூன்றாம் நாள் போன் வரவில்லை. நான் அடித்தேன். இரண்டு போனும் அடித்து அடித்து ஓய்ந்தன. பத்து மணிக்கு மறுபடியும் அடித்தேன். வில்லாவின் சொந்தக்காரப் பெண்ணுக்கு ஆறு செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. திருப்போரூர் வீட்டில் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். ஆன்லைன் மீட்டிங்கில் யாரோ என்னைக் கூப்பிட்டார்கள், லேப்டாப்பை மூடிவிட்டேன். அனுப்பியவள் நான். அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் கொன்றவளும் நானே. மனசு அதைத் தாண்டி நகரவில்லை.

பதினொன்றரைக்குத்தான் அந்தப் பெண் செய்தியைப் பார்த்தாள். போய்ப் பார்க்கிறேன் என்றாள். அரைமணி கழித்து அம்மா எண்ணிலிருந்து போன் வந்தது. நடந்தது இதுதான்: விடிந்ததும் வாசல் தெளிக்க அம்மா ஒரு சொம்புத் தண்ணீரோடு வெளியே வந்திருக்கிறாள். கடலைப் பார்க்க அப்பாவும் பின்னாலேயே வந்திருக்கிறார். காற்றில் கதவு சாத்திக்கொண்டது. சாவி இல்லாமல் வெளியிலிருந்து திறக்க முடியாத கதவு. சாவி, போன், மாத்திரை எல்லாம் உள்ளே. மூன்று மணி நேரத்துக்கு மேல் படியிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"கதவு தானா சாத்திக்கும்னு நீ எழுதவே இல்லியே," என்றாள் அம்மா. "அவருக்கு ஒண்ணும் இல்ல. மாத்திர போட்டுகினு தூங்கறாரு. நீ இன்னாத்துக்கு அழுவுற?"

நாளைக்கு வாசல் தெளிக்க வேண்டாம் என்று கெஞ்சினேன். வந்த இடத்தில் வாசலைக் காயப்போடச் சொல்கிறாயா என்று என்னைத்தான் திட்டினாள். இவளுக்குப் பயம் என்பதே கிடையாதா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள் அப்பா ஒரு படம் அனுப்பினார். கதவிடுக்கில் அவருடைய செருப்பு. வாசலில் ஈரம். குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தாள் அம்மா. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் முந்தானை முடிச்சிலிருந்து அப்பாவின் மாத்திரை அட்டை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.