மேல்வரிசைக் கடைவாய்ப்பல்

எங்கள் ஊரில் கீழ்ப்பல் வலித்தால் பிடுங்கலாம். மேல்பல்லைத் தொடக்கூடாது, தொட்டால் கண் போய்விடும். இந்தச் சட்டத்தைப் போட்டது யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மீறவும் ஒருவருக்கும் தைரியம் கிடையாது. எனக்கு வலித்தது வலது பக்கம், மேல்வரிசைக் கடைவாய்ப்பல்.

எங்கள் ஒரகடத்துக்குக் கம்பெனிகள் வராத எழுபதுகள் அவை. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். மாமியார் வைத்தியத்தில் குறையே வைக்கவில்லை. கிராம்பை நசுக்கிப் பல்லில் வைத்து, "இது பொழுது சாயறவரைக்கும் தாங்கும்" என்றார். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். பெருங்காயத்தைப் பஞ்சில் சுற்றி அடைத்துவிட்டு, "இது ரெண்டு நாளு வரும். அப்புறம் மறுபடி வலிக்கும், பயப்படாத" என்றார். சொன்னபடியே வலித்தது.

எட்டாம் நாள் கன்னத்து வீக்கம் கண்வரை ஏறிவிட்டது. பல்லில் பூச்சி என்று தெருப் பெண்கள் கூடி முடிவு கட்டினார்கள். தண்ணீர்த் தட்டின் நடுவே தணல் சட்டியை வைத்து, கண்டங்கத்திரி விதையைப் போட்டு, அந்தப் புகையை வாயில் வாங்கச் சொன்னார்கள். வாங்கினேன். தட்டுத் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக என்னவோ விழுந்தது.

"பாரு, எத்தினி பூச்சி!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

வலி போகவில்லை. எனக்கு வந்ததே கோபம்! தட்டில் வேறு தண்ணீர் ஊற்றி, வாயைத் தூரமாக வைத்துக்கொண்டு, இன்னொரு பிடி விதையைத் தணலில் போட்டேன். விதைகள் வெடித்து அதே பூச்சிகள் விழுந்தன.

"இது யாரு பல்லு பூச்சி அத்தை? நான் பல்லப் புடுங்கிக்கப் போறேன்" என்றேன்.

"வாயப் பாரு! கண்ணு போச்சுன்னா இன்னா பண்ணுவ?" என்றார் மாமியார். என் கணவர் அவருக்கும் தலையாட்டினார், எனக்கும் தலையாட்டினார்.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் காஞ்சிபுரம் பஸ் ஏறினேன். பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, வீங்கிய வலது கண்ணால் ஏரியையும் வயலையும் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போனேன்.

பல் டாக்டரம்மா வாயைப் பார்த்ததும் அதட்டினார். "பூச்சியெல்லாம் இல்லம்மா. தின்னது தங்கித் தங்கி சொத்தையாயிருக்கு, அடியில சீழ் கட்டியிருக்கு. பல்லை எடுத்தா கண்ணு போகாது. சீழை இப்படியே விட்டாதான் ஆபத்து." ஊசி போட்டுப் பிடுங்கினார்.

பஞ்சைக் கடித்தபடி வீட்டுக்குள் நுழைந்தேன். மாமியார் என் இடது கண்ணைப் பொத்திவிட்டு விரல்களைக் காட்டினார்.

"எத்தினி?"

"மூணு."

நாலடி தள்ளிப் போய்க் காட்டினார். "ரெண்டு" என்றேன். வாசலுக்கே போய்க் காட்டினார். அதையும் சரியாகச் சொன்னேன்.

திரும்பி வந்து, கதவைச் சாத்திவிட்டு, தன் மேலுதட்டை விரலால் தூக்கினார். உள்ளே கடைவாய்ப் பக்கம் மூன்று பற்கள் கறுத்து, வேர் மட்டும் மிச்சமாக நின்றன.

"எத்தினி வருஷமா அத்தை?"

"உன் வூட்டுக்காரன் பொறந்ததுல இருந்து."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பஞ்சைத் துப்பினேன்.

"காலையில மொத பஸ்ஸு. யாரையும் கேக்க வேணாம்" என்றேன்.