அவள் காலுக்கு ஒரு கிளட்ச்

எந்த வண்டியையும் ஒரே தடவையில் பூட்டி முடித்ததாக அந்த மெக்கானிக்குக்குச் சரித்திரமே கிடையாது. நட்டை முறுக்குவார், காதைக் கொடுத்துக் கேட்பார், "மறுபடி கழட்டு" என்பார். ஊரே அவருக்கு ‘மறுபடி’ என்று பெயர் வைத்துவிட்டது.

சொத்து என்று இருந்தது பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று. ஆசை ஆசையாய் ஓட்டுவது என்னவோ அவர் மனைவிதான். நோய் வந்து இடது கால் பலம் போனபின், கல்லாய்க் கிடந்த கிளட்ச் பெடலை அவளால் மிதிக்க முடியவில்லை. "இன்னும் ஒரே ஒரு வாட்டி ஓட்டணுங்க" என்றாள். பாவி மனுஷி, வேறெதுவும் கேட்டவளில்லை.

அதே காரின் புது மாடலில் கிளட்ச் மிதிக்க லேசு. அந்தப் பாகங்களை வாங்கிவந்து பழசில் பூட்ட ஆரம்பித்தார். கட்டிலருகே உட்கார்ந்து அவள் பாதத்தை உள்ளங்கையில் வைத்து, "தள்ளு பார்க்கலாம்" என்பார்.

"இவ்வளவுதாங்க என் வீரம்."

அந்த அழுத்தத்தைக் கையில் ஞாபகம் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போய், பெடலைக் கையாலேயே அமுக்கிப் பார்ப்பார்.

ஒருவழியாகப் பெடல் லேசாக இறங்கியது. ஆனால் கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் பேரிங்கை மட்டும் பழசாகவே விட்டிருந்தார். புதுக் கிளட்ச் தட்டுக்கு அது உயரம் பத்தாமல், கிளட்ச் முழுசாக விடாமல், கியர் போட்டால் கரகரவென்றது.

"கரகரத்தா கரகரக்கட்டுமே. தெருக்கோடி வரைக்கும்தானே? சாவியக் குடுங்க."

"கியர் பல்லு தேஞ்சிடும்டி. மறுபடி கழட்டித்தான் ஆகணும். கொஞ்சம் பொறு."

"பொறுக்கறதுக்கு நாள் என் கையிலயா இருக்கு?"

பிடித்தால் உடும்புப்பிடி அல்லவா! பேரிங்கை மாற்ற கியர்பாக்ஸை மறுபடி இறக்கினார். அது தரையில் கிடக்கும்போதே அவள் போய்விட்டாள்.

பல் தேய்ந்துவிடுமாம், பல்! தேய்ந்தால் எந்தக் குடி முழுகியிருக்கும்?

துக்கத்துக்கு வந்தவர்கள் போனபின், புதுப் பேரிங்கைப் போட்டு வண்டியைப் பூட்டினார். கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது. கழற்ற இனி ஒன்றுமில்லை.

கார்க் கதவைத் திறந்து, தரையில் மண்டிபோட்டு, பெடலை உள்ளங்கையால் அமுக்கினார். கையைத் தளர்த்தியபோது அது மெல்லத் திரும்பி வந்து உள்ளங்கையைத் தள்ளியது. அதே அளவு. அவள் பாதம் தள்ளுமே, அதே அளவு.

மனிதர் உடைந்துபோனார். சீட்டில் முகத்தைப் புதைத்து அழுதார். கையை மட்டும் பெடலிலிருந்து எடுக்கவில்லை.

"மறுபடி தள்ளும்மா" என்று சொல்லி இன்னொரு தரம் அமுக்கினார்.