கோடு போடுற மிஷினும் அண்ணியும்

எங்கள் வீட்டு பீரோவில், என் மனைவியின் கல்யாணப் புடவைக்கு அடியில், பழைய காலண்டர் அட்டையின் மேல் ஒரு காகிதம் இருக்கிறது. எடுத்துப் பார்ப்பவர்களுக்கு அது வெறும் காகிதம்தான். பழுப்பேறி, ஓரம் பொடிந்து, நடுவாக ஓரிடத்தில் அரிசி மணியைவிடச் சின்னதாக ஒரு நீலக் கோடு. அவ்வளவே. ஒரு பொங்கலுக்கு வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்தபோது என் மகன் அதைப் பழைய பேப்பர் கட்டோடு சேர்க்கப் போய், அவன் அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். "இதுல அப்படி இன்னாம்மா இருக்குது?" என்றான். "உங்க பெரியம்மா இருக்காங்கடா" என்றாள் அவள். அவனுக்குப் பெரியம்மா என்றால் எனக்கு அண்ணி. அந்தக் காகிதத்தின் கதையைச் சொல்லாமல் அண்ணியைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது.

எண்பதுகளின் கடைசியில் நான் விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், வீட்டுக்கும் ரோட்டுக்கும் பிளான் போட்டுக் கொடுக்கும் ஓர் ஆபீஸில் வேலை பார்த்தேன். எங்கள் எஞ்சினியர் சாருக்குப் புதிதாக எதைப் பார்த்தாலும் கை அரிக்கும். மெட்ராஸில் ஏதோ ஏலத்தில் ஒரு கம்ப்யூட்டரையும் அதோடு ஒரு பிளாட்டரையும் எடுத்து வந்து இறக்கிவிட்டார். பிளாட்டர் என்றால் பேனா பிடித்து வரையும் யந்திரம். ஆர்மோனியப் பெட்டி அளவு இருந்தது. ஓர் உருளையின் மேல் காகிதம் முன்னும் பின்னும் ஓடும். அதற்கு மேலே இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, பேனா செருகிய ஒரு சின்ன வண்டி இடமும் வலமும் ஓடும். இரண்டும் சேர்ந்து ஓடினால் கோடு, வளைவு, வட்டம், எது வேண்டுமானாலும் வரும். எங்கள் வாயில் அது 'கோடு போடுற மிஷின்' ஆயிற்று. ஆனால் அது ஒரு கோடும் போடவில்லை. எத்தனை வருஷம் எந்தக் குடோனில் கிடந்ததோ, கிரீஸ் வெல்லப்பாகு மாதிரி இறுகிப்போயிருந்தது. காகிதத்தை அழுத்திப் பிடிக்கிற ரப்பர் உருளைகள் உருகிப் பலாப்பிசினாகிவிட்டிருந்தன. பேனா வண்டியை இழுக்கிற மெல்லிய கம்பி துருப்பிடித்து, தொட்டதும் அறுந்தது. மெட்ராஸிலிருந்து வந்து பார்த்தவர், மின்சாரப் பகுதியெல்லாம் நன்றாக இருக்கிறது, மெக்கானிக்கல் சாமான்தான் போய்விட்டது, இந்த மாடலுக்கு இனி பார்ட்ஸ் கிடைக்காது என்று சொல்லிவிட்டு, எங்கள் செலவில் சாப்பிட்டுவிட்டுப் போனார். சார் அதன்மேல் ஒரு போர்வையைப் போர்த்தினார்.

மிஷின் வந்து இறங்கிய சந்தோஷத்தை மட்டும் திண்டிவனத்துக்குப் போய் அண்ணியிடம் சொல்லியிருந்தேன். அண்ணி அங்கே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினார். அடக்கம், ஒடுக்கம் என்பதெல்லாம் அவர் பக்கம் வந்ததேயில்லை. தெரு முனையில் நின்றாலே அவர் குரல் கேட்கும். அத்தனை மிஷின் ஒரே நேரத்தில் தடதடக்கும்போது, "மூணாவது மிஷினு, பாக்காம அடி!" என்று முதுகைக் காட்டிக்கொண்டே அதட்டுவார். மிஷின் எது கெட்டாலும் அவரே பிரித்து, மண்ணெண்ணெயில் குளிப்பாட்டி, கோழி இறகால் எண்ணெய் தொட்டு வைத்து, மறுபடி மாட்டுவார். அவரிடம் டைப் படிக்கக் கூட்டேரிப்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்த ஒரு பெண்ணை எனக்குப் பார்த்து வைத்திருந்தார். பெண்ணின் அப்பா சொந்த நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் போடுகிறவர். "பையன் இன்னா பண்றாரு டீச்சரம்மா?" என்று அவர் கேட்டபோது, அண்ணிக்கு நான் சொன்னதெல்லாம் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. "எங்க கொழுந்தனாரு கம்ப்யூட்டர்ல பிளான் போடறாரு. பேனாவ அவரு தொடவே வாணாம், மிஷினு தானா கோடு போட்டுக்கினு போவும். வந்து பாருங்களேன்!" என்றிருக்கிறார். அறுவடை முடிந்து தை பிறந்ததும் வருவதாக அவரும் சொல்லிவிட்டார்.

இதை அண்ணி என்னிடம் பெருமையோடு சொன்னபோதுதான், அந்த மிஷின் போர்வைக்குள் செத்துக் கிடப்பதை நான் சொன்னேன். அண்ணியின் முகம் போன போக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. "அடப்பாவி! என் வாயில பொய்ய வச்சிட்டியேடா" என்றார். அவருக்கு டா வந்தால் கோபம் உச்சியில் இருக்கிறது என்று அர்த்தம். மற்ற நேரமெல்லாம் தம்பிதான். போய் உண்மையைச் சொல்லிவிடலாமே என்றேன். "சொன்னா மட்டும்? நான் பொய் சொன்னவதான். மிஷினு ஓடிட்டா நான் சொன்னது உண்மை. தையில அந்த மனுசன் வர்றதுக்குள்ள அது ஓடணும். இன்னிக்கே என்னைக் கூட்டிக்கினு போ."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில், போர்வையை எடுத்துவிட்டு அண்ணி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "இது இன்னா பெரிய அதிசயம்? உருளை இருக்குது, ரப்பர் இருக்குது, இழுத்துக்கினு போற வண்டி இருக்குது. டைப்ரைட்டருக்கு அண்ணன் தம்பி" என்றார். எஞ்சினியர் சார் நல்ல மனிதர். "கெட்டது கெட்டுப்போச்சு, இனிமே கெட என்னம்மா இருக்கு, பிரிங்க" என்று சொல்லி டீ வாங்கி வரச் சொன்னார்.

அந்தக் கார்த்திகையும் மார்கழியும் எப்படிப் போயின என்றால், பஸ்ஸில் போயின. வாரத்தில் பாதி நாள் நான் ஏதாவது ஓர் உறுப்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திண்டிவனம் போவேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணி அதைச் சரிசெய்து எடுத்துக்கொண்டு விழுப்புரம் வருவார். கூட்டேரிப்பட்டில் பஸ் நிற்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். யாராவது பார்க்க மாட்டார்களா என்றும் இருக்கும், யாரும் பார்த்துவிடக் கூடாதே என்றும் இருக்கும். கிரீஸ் ஊறி இளகவே ஒரு வாரம் பிடித்தது. ரப்பர் உருளைகளை, டைப்ரைட்டர் உருளைக்குப் புது ரப்பர் போடும் பாண்டிச்சேரி கடைக்கு அண்ணி கொண்டுபோனார். கடைக்காரன் கொஞ்சம் தடிமனாகப் போட்டுவிட்டான் என்று கடையிலேயே சண்டை பிடித்து, எதிரில் உட்கார்ந்து தேய்க்க வைத்து வாங்கி வந்தார். மிஷினுக்குரிய பேனா கிடைக்கவில்லை. ஒரு பச்சை பால்பாயிண்ட் ரீஃபிலை வெட்டி, காகிதம் சுற்றிப் பேனா வண்டியில் இறுக்கிச் செருகினார். ரீஃபில் எழுத வேண்டுமே என்று மேலே ஒரு ஸ்பிரிங்கும் வைத்தார். அது பேனாவைக் காகிதத்தில் பள்ளம் விழும்படி அழுத்தியது. "அழுத்தி எழுதினா இன்னா, படிக்காத பசங்க எழுதறதில்லையா?" என்று அதை அப்படியே விட்டுவிட்டார்.

அறுந்த கம்பிக்குப் பதில், ரேடியோவில் ஸ்டேஷன் முள்ளை நகர்த்துகிற நூலை வாங்கினோம். மெல்லிசாக இருக்கும், ஆனால் இழுத்தால் நீளாது. அதை மாட்டி, இடது ஓரத்தில் டைப்ரைட்டரிலிருந்து கழற்றிய ஒரு ஸ்பிரிங்கை அண்ணி கட்டினார். ஒரு ஞாயிறு மத்தியானம் மிஷின் உயிர் வந்து முனகியது. பேனா டக்கென்று இறங்கியது. சாரும் அண்ணியும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வட்டம் போடச் சொன்னால் அது முட்டை போட்டது. முட்டை என்றாலும் முழு முட்டையில்லை; ஒரு பக்கம் ஒழுங்காக வளைந்தது, மறுபக்கம் சப்பையாகி, ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேராமல் எங்கோ போய் நின்றது. ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டினோம், தளர்த்திக் கட்டினோம். முட்டைதான். எஞ்சினியர் சார் கணக்குப் போட்டுப் பார்த்தார். கணக்கு சரியாக இருந்தது; முட்டையும் அப்படியே இருந்தது.

மார்கழி கடைசியில் எனக்கு அலுத்துப்போய்விட்டது. இந்தப் பெண் இல்லாவிட்டால் வேறு பெண், விடுங்கள் அண்ணி என்றேன். அன்றைக்குத்தான் அண்ணி தன் கதையை என்னிடம் சொன்னார். கையில் ஸ்பிரிங், கண் ஸ்பிரிங்கின் மேலேயே. "உங்க அண்ணனுக்கு சர்க்கார் வேலைன்னு சொல்லித்தான் என்னைக் கட்டிக்கினு வந்தீங்க. கல்யாணமாகி மூணாம் நாளு, வேலைக்குப் போவலியான்னு கேட்டேன். சீசன் முடிஞ்சிடுச்சும்மான்னாரு. மல்லாட்டை சீசனுக்கு மட்டும் மார்க்கெட் கமிட்டியில மூட்டை எண்ற வேலைன்னு அன்னிக்குத்தான் தெரியும். உங்க அண்ணன் தங்கமான மனுசன், அவர் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா அந்த மூணாம் நாளு இருக்குதே தம்பி, அது இன்னொரு பொண்ணுக்கு என்னால வரக்கூடாது." அண்ணி அடிக்கிற சிரிப்புக்கும் போடுகிற சத்தத்துக்கும் அடியில் இப்படி ஒரு நாள் கிடக்கும் என்று நான் நினைத்ததேயில்லை. அதற்கப்புறம் விடுங்கள் என்று நான் சொல்லவில்லை.

பேனா வண்டியும் நூலும் அப்போது திண்டிவனத்தில், இன்ஸ்டிடியூட்டின் மேஜைமேல் இருந்தன. பக்கத்தில் கடைசியாக வந்த முட்டைக் காகிதம். யாரோ ஓர் ஆபீஸின் மிஷின் என்றுதான் மாணவிகளுக்கு அண்ணி சொல்லி வைத்திருந்தார். அந்தக் கூட்டேரிப்பட்டுப் பெண், பாடம் அடித்து முடித்து எழுந்து போகிறபோது காகிதத்தைப் பார்த்து நின்றாளாம். "டீச்சர், இது வர்றப்பவும் எழுதுமா?" என்று கேட்டாளாம். "எது வர்றப்ப?" "நம்ம மிஷினு ஒரு பக்கம் போவும்போதுதான டைப் அடிக்குது. திரும்பி வர்றப்ப நாமதான் சும்மா தள்ளி விடறோம். இது ரெண்டு பக்கம் போவும்போதும் எழுதுதே, அதான் கேட்டேன்." அண்ணி தலையில் அடித்துக்கொண்டாராம். டைப்ரைட்டரில் ஸ்பிரிங் ஒரு பக்கம் இழுத்தால் போதும். வண்டி திரும்பும்போது கொஞ்சம் தொய்ந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. அந்த வழக்கத்தில் இதற்கும் ஒரு பக்கம் தொய்கிற ஸ்பிரிங்கைக் கட்டிவிட்டிருந்தார். இடது பக்கம் போகையில் கோடு ஒழுங்கு, வலது பக்கம் திரும்பினால் ஸ்பிரிங் நீண்டு வண்டி பின்தங்கிவிடுகிறது. "இத்தினி நாளா இதை டைப்ரைட்டராவே ரிப்பேர் பண்ணிக்கினு இருந்திருக்கேன் தம்பி, என் புத்திய இன்னான்னு சொல்றது!" என்று என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். யாருடைய மிஷின் என்று அந்தப் பெண் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவேயில்லை.

தொய்யாத ஒரு கட்டை ஸ்பிரிங்கைத் தேடிப் பிடித்து, நூலை இரண்டு பக்கமும் ஒரே இறுக்கத்தில் கட்டினோம். நூல் ஓடுகிற சக்கரங்களின் ஆட்டத்தையும் எடுத்தோம். முட்டை உருண்டது, வட்டத்துக்குப் பக்கத்தில் வந்தது. அவ்வளவில் தை வந்துவிட்டது.

பெண்ணின் அப்பா வெள்ளை வேட்டி, சட்டையில் ஆபீஸுக்கு வந்தார். எஞ்சினியர் சார் நாற்காலி போட்டார். தட்ட வேண்டியதை இரண்டு தடவை தப்பாகத் தட்டினேன். பேனா டக்கென்று இறங்கியது. காகிதம் முன்னே போயிற்று, பின்னே வந்தது. வண்டி இடம் போயிற்று, வலம் வந்தது. பச்சையாக ஒரு வட்டம். அவர் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். "அட, அட!" என்றார். நான் அப்பாடா என்று மூச்சுவிட்டேன். ஆனால் அண்ணி காகிதத்தின் மேல் குனிந்து நின்றவர் நிமிரவில்லை. வட்டம் மூடவில்லை. ஆரம்பித்த இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. அவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற இடைவெளி. பேசாமல் இருந்திருந்தால் காரியம் முடிந்திருக்கும்.

"ஐயா, ஒரு விசயம்" என்றார் அண்ணி. அந்தக் குரலை அவரிடம் நான் கேட்டதேயில்லை, அவ்வளவு மெதுவாக. "உங்ககிட்ட நான் சொன்னப்ப இது ஓடல. அது எனக்குத் தெரியாது, ஆனா சொன்னது பொய்தான். கார்த்திகை, மார்கழி பூரா உக்காந்து இதை ஓட வச்சோம். இன்னிக்கும் முழுசா சரியாவல, தோ பாருங்க, கொஞ்சம் சேரல. தெரிஞ்சிக்கினு பொண்ணக் குடுக்கறதுன்னா குடுங்க."

பெண்ணின் அப்பா ஒருமுறை என்னைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "தெரியும் டீச்சரம்மா! எம்பொண்ணு உங்ககிட்டதான படிக்குது? இன்னிக்கு ரப்பர் போட்டாங்க, இன்னிக்கு நூலு மாத்தினாங்க, இன்னிக்கும் முட்டைதான்னு தெனம் வந்து சொல்லிக்கினு இருந்துச்சு. எந்த ஆபீஸு மிஷினுன்னு அதுக்குத் தெரியாதா? எங்க வூட்ல எல்லாருக்கும் ஒரே பேஜாரா பூடுச்சும்மா, இது ஓடுமா ஓடாதான்னு. பொண்ணோட அம்மா மயிலம் முருகனுக்கு நேந்துக்கினே கெடக்கறா!" அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அண்ணிக்கு வார்த்தை வராமல் போனதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பெண்ணின் அப்பா போகும்போது, "பொண்ணு பாக்கணுங்குது" என்று அந்தக் காகிதத்தைச் சுருட்டிக் கையோடு எடுத்துப் போனார்.

வைகாசியில் கல்யாணம். பெண்ணோடு வந்த டிரங்குப் பெட்டியில் அந்தக் காகிதமும் வந்தது. மயிரிழை இடைவெளியில் நீல மையால் ஒரு சின்னக் கோடு இழுத்து, வட்டத்தை மூடியிருந்தாள். அண்ணி அதைப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, பரீட்சையில இப்டித் திருத்தினா மார்க்கைக் குறைச்சுடுவான் தெரியுமா?" என்று அதட்டினார். "இது பரீட்சை இல்லையே டீச்சர்" என்றாள். அவளுக்கு இன்றைக்கும் அவர் டீச்சர்தான். அக்கா என்று கூப்பிடச் சொல்லிப் பார்த்து எல்லோரும் ஓய்ந்துவிட்டோம்.

மிஷின் எங்கே போனதென்று தெரியாது. ஆபீஸ் இடம் மாறியபோது யாரோ எடுத்துப் போனார்கள். இன்ஸ்டிடியூட் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அண்ணன் போனபிறகு அண்ணி எங்களோடுதான் இருக்கிறார். கண்ணில் புரை, காதும் மந்தம். குரல் மட்டும் குறையவில்லை. மகன் காகிதத்தைப் பழைய பேப்பரில் போடப் பார்த்த கதையைக் கேட்டுவிட்டு, "எடுத்துக்கினு வா அதை" என்றார். மடியில் வைத்தேன். முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "எங்க தம்பி வட்டம்? தம்மாத்தூண்டு நீலக் கோடுதான் தெரியுது."

"பச்சை மை மங்கிப்போயிடுச்சு அண்ணி. அவ போட்டது மட்டும்தான் நிக்குது" என்றேன்.

அண்ணி நீலக் கோட்டின் மேல் ஆள்காட்டி விரலை வைத்தார். அன்றைக்கு அவர் வைத்த ஸ்பிரிங், பேனாவை அழுத்தி அழுத்திப் பதித்த பள்ளம் காகிதத்தில் அப்படியே இருந்திருக்கிறது. பாவிப் பயல் எனக்கு இத்தனை வருஷத்தில் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. விரல் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்ந்தது. இடது பக்கம் போயிற்று, கீழே இறங்கிற்று, வலது பக்கம் ஏறிற்று, ஓரிடத்திலும் தயங்காமல் சுற்றிக்கொண்டு நீலக் கோட்டுக்கே வந்து நின்றது.

"சேந்துடுச்சுடி" என்று சமையல்கட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.