ஃபில்டரில் சிக்கிய என் முடி

தங்கச் சுரங்க ஊரான எங்கள் சாம்பியன் ரீப்ஸில் யார் தும்மினாலும் பழி சயனைடு மேட்டுக்குத்தான். தங்கத்தைப் பிரித்துவிட்டுக் கொட்டிய மண் குன்று அது. காற்றடிக்கும் மாதங்களில் அதன் தூசி வீடுவரை வரும். என் மகளுக்குக் கண் வீங்கி மூக்கு ஒழுகும். அதற்காகவே ஏசி வாங்கினோம். ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டி, இரவு பகலாக ஓட்டினோம். ஆனால் தும்மல் கூடியதே தவிர குறையவில்லை. நான் மேட்டை இன்னும் அதிகமாகத் திட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏசியிலிருந்து கட்டிலில் தண்ணீர் சொட்டியது. என் கணவர் ஸ்டூலில் ஏறி, மூடியைத் திறந்து ஃபில்டரை உருவினார். ஈரக் கம்பளித் துண்டு போல ஏதோ ஒன்று அதிலிருந்து மகளின் தலையணையில் தொப்பென்று விழுந்தது. சாம்பல் நிற அழுக்கு. அதில் கரப்பான் இறக்கைகள், பல்லி எச்சம், எல்லாவற்றையும் பின்னிக்கொண்டு சிவப்பு முடி. எங்கள் வீட்டில் தலைக்கு மருதாணி போடுவது நான் மட்டும்தான்.

"இன்னாங்க இது?" என்றேன்.

"வாங்குனதுலேர்ந்து இத நம்ம கழுவவே இல்லயே" என்றார்.

"இந்தக் காத்தையாம்மா நான் இழுத்துனு இருந்தேன்?" என்றாள் மகள்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினேன்.

இப்போது ஃபில்டரை அடிக்கடி கழுவுகிறேன். காற்று அடங்கிய காலைகளில் ஜன்னலைத் திறக்கிறேன். மகளுக்குத் தும்மல் குறைந்திருக்கிறது. மேட்டுத் தூசி பொய்யில்லை, இன்றும் வருகிறது. ஆனால் அது வெளியில் கிடக்கும் அழுக்கு. இந்த ஃபில்டர் அழுக்கை நாங்களே ஜன்னலைச் சாத்தி, கரன்ட் பில் கட்டி வளர்த்தோம். சீப்பில் ஒரு சிவப்பு முடி தென்பட்டால் போதும், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்குவதில்லை.