இரண்டு பிளக், ஒரே யூபிஎஸ்

நெட்வொர்க் வேலை செய்கிறவர்களின் நினைப்பு ஏதாவது நின்றுபோனால்தான் ஜனங்களுக்கு வரும். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்வரை நாங்கள் ஊரிலேயே இல்லை என்று கணக்கு. இந்தத் தொழிலில் இருக்கும் சக பாவப்பட்டவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

எனக்குச் சொந்த ஊர் கொடுமுடி. எங்கள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள் நான். கோவையில் ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்து, சீனியர்களுக்குப் பின்னால் டூல்ஸ் பை தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். கணபதியில் உள்ள ஒரு பம்ப் கம்பெனிக்குத்தான் முதல்முறையாக என்னைத் தனியாக அனுப்பினார்கள். வேலை சரியாக முடிந்தால் பணி உறுதி. குறை வந்தால் இன்னும் ஆறு மாதம் பை தூக்க வேண்டும்.

எதற்கு இரண்டு?

மாட்ட வேண்டியது ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச். ஆபீஸ், கேட், டெஸ்டிங் பகுதி என்று எல்லா கம்ப்யூட்டர் ஒயர்களும் வந்து சேரும் பெட்டி. நான் அட்டைப்பெட்டியைப் பிரிப்பதை மேனேஜர் நாச்சிமுத்து சார் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெட்டிக்கு எதற்கு இரண்டு பவர் கார்டு என்று கேட்டார். ஒரு பக்கம் கரண்ட் போனாலும் இன்னொரு பக்கத்தால் ஓடும், பில்லிங் நிற்காது என்றேன். அப்படியானால் ஒன்று சும்மாதானே இருக்கும் என்றார். இல்லை சார், இரண்டும் பாதிப் பாதி சுமக்கும், ஒன்று போனால் மற்றது முழுவதையும் சுமக்கும் என்று சொன்னேன். அவர் முகம் தெளிந்தது.

"அப்படீன்னா சரிங்க. சும்மா இருக்கறதுக்கு எங்ககிட்ட ஏற்கெனவே நாலு பேரு இருக்கறாங்க அம்மணி."

ஒரு ஓட்டை கீழே

ஸ்விட்சைப் பொருத்தும் இரும்பு அலமாரியான ரேக்கில் கேஜ் நட் மாட்டியவர்களுக்குத் தெரியும், அந்தச் சின்னச் சதுர நட்டு நகத்தைப் பார்த்துத்தான் வரும். நாலு நட்டை மாட்டி முடிப்பதற்குள் எனக்கு இரண்டு நகம் போயிற்று. ஸ்விட்சைத் தாங்கிப் பிடிக்கக் கம்பெனி எலக்ட்ரீஷியன் ரங்கசாமி அண்ணன் வந்தார். திருகி முடித்துப் பார்த்தால் பெட்டி வலது பக்கம் சரிந்து நிற்கிறது. பதற்றத்தில் ஒரு ஓட்டையை எண்ணாமல் விட்டிருக்கிறேன். கழற்றி மாட்டினேன். இந்த முறை இடது பக்கம் தவறு. மன்னிப்புக் கேட்கத் திரும்பினால், அவர் அதே இடத்தில் கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார்.

"எடுத்துப்போட்டு மறுபடியும் மாட்டு கண்ணு. கை வலிக்குதுன்னு நான் இன்னும் சொல்லலையே."

விபூதி எங்கே வைப்பது?

அங்கே எந்த மெஷின் வந்தாலும் பூஜை போடாமல் ஆன் செய்வதில்லை. நாச்சிமுத்து சார் தட்டோடு வந்து, மூன்று விரலில் விபூதியைத் தொட்டு ஸ்விட்சின் முகப்பை நோக்கிக் கையை நீட்டிவிட்டார். முகப்பு முழுக்கக் காற்றுத் துளைகள். பூசினால் உள்ளே இருக்கும் ஃபேன் அத்தனையையும் இழுத்துக்கொள்ளும். சாமி காரியத்தில் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? "சார், இதுக்கு அதுதானுங்க மூக்கு" என்றேன். கை அப்படியே நின்றது. பிறகு ரேக்கின் கண்ணாடிக் கதவில் பட்டை போட்டார்.

"மூக்குல போனா நமக்கே தும்மலு வருமுங்க. கதவுலயே இருக்கட்டும்."

நல்ல லைன்

ஆன் செய்து, ஒரு பிளக்கைப் பிடுங்கினேன்; ஓடியது. அதை மாட்டிவிட்டு மற்றதைப் பிடுங்கினேன், அப்போதும் ஓடியது. 'இரு மின்வழிகளும் சோதிக்கப்பட்டன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கிளம்பும்போது கேட் பக்கம் ரங்கசாமி அண்ணனைப் பார்த்து, சாக்கெட்டுகளில் ஏ, பி என்று அழகாக எழுதி ஒட்டியிருந்ததற்கு நன்றி சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

"உங்க ஆபீஸ் அனுப்புன ஒயரிங் படத்துல ஒண்ணு யூபிஎஸ்லயும் இன்னொண்ணு நேர் லைன்லயும் போட்டிருந்துச்சு. இத்தனை நல்ல மெஷினுக்கு நேர் கரண்ட்டைக் குடுக்கறதான்னு ரெண்டையுமே யூபிஎஸ்லயே குடுத்துப்போட்டேன் கண்ணு."

திரும்பி நடந்தது

நான் தலையாட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டேன். அங்கே போன பிறகுதான் அவர் சொன்னது முழுதாக உறைத்தது. அந்த ஒரு யூபிஎஸ் செத்தால் இரண்டு பிளக்கும் சேர்ந்து சாகும். பிளக்கைப் பிடுங்கிப் பார்த்த நான், அந்த ஒயர் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. இரண்டு பஸ்ஸை விட்டேன். யாருக்கும் தெரியாது, நாளைக்கு வந்து ஏதாவது காரணம் சொல்லி மாற்றிவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் ரிப்போர்ட்டில் இருந்த கையெழுத்து என்னுடையது. எங்கள் முதலாளிக்கு போன் செய்தேன். "அந்த ரிப்போர்ட்டை வாங்கிக் கோடு போட்டு அடிச்சுட்டு, என்ன தப்புன்னு உன் கையாலயே எழுதிக் குடு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பணி உறுதி போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பிப் போய், "சோதனையில நான்தானுங்க சார் ஒண்ணை விட்டுட்டேன்" என்று சொல்லி, ரிப்போர்ட்டை வாங்கி அடித்துவிட்டு, கீழே தப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பக்கத்திலிருந்த ரங்கசாமி அண்ணன், ஒயர் இழுத்தது தான்தான் என்று சொல்ல வாயெடுத்தார். நாச்சிமுத்து சார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நின்னுபோனதுக்கு அப்புறமே தப்பை ஒத்துக்காதவங்களைத்தான் பாத்திருக்கறேன். ஓடிட்டிருக்கறப்பவே வந்து ஒத்துக்கறவங்களை இப்பத்தானுங்க பாக்கறேன்."

யூபிஎஸ்ஸை அணைத்தோம்

மறுநாள் காலை ரங்கசாமி அண்ணன் மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுத்தார். இந்த முறை ஒயரைக் கடைசிவரை விரல் வைத்துக்கொண்டே போய்ப் பார்த்தேன். பிறகு, வேலை நேரத்திலேயே யூபிஎஸ்ஸை அணைத்துப் பார்க்க அனுமதி கேட்டேன். நாச்சிமுத்து சார் பில்லிங் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். பட்டனை அமுக்கினேன். யூபிஎஸ்ஸின் இரைச்சல் நின்றது. ஸ்விட்சில் ஒரு பச்சை விளக்கு அணைந்தது, இன்னொன்று எரிந்துகொண்டே இருந்தது. பில்லிங் அறையில் பிரிண்டர் நிற்காமல் ஓடும் சத்தம் கேட்டது. யூபிஎஸ்ஸைப் போட்டுவிட்டு மற்ற லைனையும் அணைத்துப் பார்த்தோம். எதுவும் நிற்கவில்லை.

ரங்கசாமி அண்ணன் யூபிஎஸ்ஸைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இதைச் சாமியாட்டம் நம்பிட்டிருந்தேன். இனிமே இதும் ஒரு மெஷினுதான்."

ஒரு போன்

அந்த மாதக் கடைசியில் பணி உறுதிக் கடிதம் வந்தது. அதோடு என் பழைய ரிப்போர்ட்டின் நகல் ஒன்றையும் முதலாளி பின் அடித்திருந்தார். அடித்த கோடும் என் கையெழுத்தும் அப்படியே இருந்தன. சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் நாச்சிமுத்து சாரிடமிருந்து போன் வந்தது. எங்களுக்கு வாடிக்கையாளர் போன் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். எழுந்து நின்றுகொண்டுதான் எடுத்தேன்.

"காலையில யூபிஎஸ் புகைஞ்சுபோச்சுங்க அம்மணி, கழட்டிட்டுப் போயிட்டாங்க. இத்தனை நேரமாச்சு, ஆபீஸ்ல ஒருத்தரும் என்ன ஏதுன்னு எங்கிட்ட வந்து கேக்கலை. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

ஒன்றுமே நடக்கவில்லை என்று ஒருவர் போன் செய்து சொன்னதற்காக நான் ஸ்வீட் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். என்ன விசேஷம் என்று கேட்ட அம்மாவுக்குத்தான் இன்னும் என்னால் சொல்லி முடிக்க முடியவில்லை.